மூன்று கடி, ஒரு கடி: 1992 மேய்ன் நிகழ்வும் கேரட் குடும்பத்துக் காட்டுச் செடிகளும்

1992 அக்டோபர் 5. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மேய்ன் மாநிலத்தில், கடலோரத்தை ஒட்டிய காட்டுக்குள் ஓர் அண்ணனும் தம்பியும், மருந்துக்காக நல்ல விலை போகும் ஜின்செங் வேர் தேடிப் போனார்கள். அண்ணனுக்கு 39 வயது, தம்பிக்கு 23. சேறும் தண்ணீருமாகக் கிடந்த ஓர் இடத்தில் தம்பி சில செடிகளைப் பிடுங்கினார். அவற்றில் ஒன்றின் வேரை மூன்று முறை கடித்துத் தின்றார். அதே வேரை அண்ணனும் ஒரு கடி கடித்தார்.

அரை மணி நேரத்துக்குள் தம்பிக்கு வாந்தி, கூடவே வலிப்பு. கைப்பேசி பரவலாகாத காலம். இருவரும் நடந்து காட்டைவிட்டு வெளியே வந்தார்கள். உடம்புக்கு முடியாமல் போய்ச் சுமார் அரை மணி கழித்துத்தான் அவசர உதவிக்குப் போன் செய்ய முடிந்தது. கூப்பிட்ட கால் மணிக்குள் உதவிக்குழு வந்துவிட்டது. அதற்குள் தம்பிக்கு நினைவில்லை. உடல் நீலம் பாரித்திருந்தது, கண்ணின் பாவை விரிந்திருந்தது, வாயிலிருந்து எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. உடலே முறுக்கிக்கொள்ளும் வலிப்பு வரும். அது ஓய்ந்ததும் மூச்சு நிற்கும். தொண்டைக்குள் குழாய் செருகி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரைப்பையைக் கழுவினார்கள், மருத்துவக் கரித்தூள் கொடுத்தார்கள். ஆனால் இதயத்தின் கீழறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பித்தன. நான்கு முறை மீட்கப் பார்த்தும் பலனில்லை. வேரைத் தின்ற ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் அவர் இறந்துபோனார்.

அண்ணன் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இருந்தும் மருத்துவர்கள் அவரை விட்டுவிடவில்லை. அவருக்கும் இரைப்பையைக் கழுவி, கரித்தூள் கொடுத்துப் படுக்கவைத்தார்கள். தின்று சுமார் இரண்டு மணி நேரம் ஆனபோது அவருக்கும் வலிப்பு வந்தது, பிதற்றல் வந்தது. அவர் பிழைத்தார்.

அந்த வேர் வாட்டர் ஹெம்லாக்கின் வேர் என்று தெரிந்தது. தாவரவியல் பெயர் சிகூட்டா மாக்குலேட்டா, கேரட் குடும்பத்துச் செடி. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1994 ஏப்ரலில் தன் வார அறிக்கையில் இந்த நிகழ்வை வெளியிட்டது. நான் மேலே சொன்ன விவரங்கள் அந்த அறிக்கையில் உள்ளவைதான்.

இந்த மாதிரிச் செய்தியைப் படித்ததும் எல்லோரும் சொல்வது, "தெரியாத செடியை எதற்காகத் தின்ன வேண்டும்?" என்பது. நியாயமான கேள்விதான், ஆனால் காட்டில் அது உதவாது. வேரைக் கடிக்கிற ஆள் அந்த நிமிஷத்தில் தனக்கு அந்தச் செடி தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். தெரியாது என்று நினைத்திருந்தால் கடித்திருக்க மாட்டார். ஆகவே நாம் பார்க்க வேண்டியது வேறு: எந்த அடையாளத்தை நம்பி அவர் "இதுதான்" என்று முடிவுகட்டியிருக்க முடியும், கண்ணெதிரே இருந்த எந்த அடையாளத்தை அப்போது ஒதுக்கியிருக்க வேண்டும்?

தேடியது ஒன்று, தோண்டியது ஒன்று

அமெரிக்க ஜின்செங் கேரட் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. அராலியேசி என்ற பக்கத்துக் குடும்பம். முழங்கால் உயரச் செடி. ஒற்றைத் தண்டின் உச்சியில் மூன்று நான்கு இலைகள் ஒரே இடத்திலிருந்து கிளம்பும். ஒவ்வொரு இலையிலும் பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள், அவையும் ஒரே புள்ளியிலிருந்து பிரியும். கோடை முடிகிற நேரத்தில் நடுவே சிவப்புப் பழக்கொத்து தெரியும். மேப்பிள் போன்ற பெரிய மரங்களின் நிழலில், இலைமக்கு நிறைந்த, தண்ணீர் தேங்காத மண்ணில் வளரும். அதன் வேர் பருக்கப் பல வருஷம் ஆகும். காய்ந்த காட்டு ஜின்செங் பவுண்டுக்கு நூற்றுக்கணக்கான டாலர் போகும். 18ஆம் நூற்றாண்டிலிருந்தே வட அமெரிக்காவிலிருந்து சீனாவுக்குக் கப்பலேறுகிற சரக்கு அது. மேய்னில் அது அரிதாகிவிட்ட செடி. அரிது, விலை அதிகம் என்ற இரண்டும் சேர்ந்தால் தேடுகிறவன் கண்ணுக்கு எதுவும் அதுவாகத் தெரியும்.

வாட்டர் ஹெம்லாக்கோ ஆள் உயரம் வளரும். தண்டில் மயிர் கிடையாது, உள்ளே பொந்து, வெளியே பல நேரம் ஊதாக் கீற்றுகள். இலை இரண்டு மூன்று தடவை கிளை பிரிந்து, கடைசியில் ஓரமெல்லாம் பல் வைத்த நீளமான சிற்றிலைகளாக முடியும். கோடையில் வெள்ளைப் பூ. காம்புகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பி மேலே தட்டையாக விரியும் குடைப் பூங்கொத்து. சதுப்பு, ஓடைக்கரை, வாய்க்கால் ஓரம் என்று காலில் ஈரம் இருக்கிற இடமாகப் பார்த்து நிற்கும்.

ஜூலை மாதத்தில் இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட மாற்றிச் சொல்லாது. நடந்தது அக்டோபரில். மேய்னில் அக்டோபர் என்றால் பூ கிடையாது. இலை பழுத்துச் சுருண்டு விழுகிற நேரம். ஜின்செங்கும் மஞ்சளாகித் தரையில் சாய்ந்திருக்கும். அந்தப் பருவத்தில் கையில் முழுசாகக் கிடைப்பது வேர் மட்டும்தான். வெளிறிய நிறம், சதைப்பற்று, நல்ல வாசனை. ஜின்செங் வேரும் வெளிறியதுதான், சதைப்பற்றுள்ளதுதான். வேரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கிருந்து செடியின் பெயரை நோக்கிப் போனால், வேண்டிய பெயருக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆனால் ஒரு சாட்சி அக்டோபரிலும் அங்கேயே இருந்தது: அந்த இடம். இலை உதிரலாம், பூ போகலாம், பூச்சி அரிக்கலாம். சேறு எங்கும் போகாது. ஜின்செங் சதுப்பில் நிற்காது. இந்த நிகழ்வை எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கண்ணில் படுவது "சதுப்பான இடம்" என்ற அந்த ஒரு விவரம்தான். வேதியியலும் வேண்டாம், உருப்பெருக்கியும் வேண்டாம். செருப்பு நனைந்ததுமே கேள்வி எழுந்திருக்க வேண்டும்.

வேரைப் பிளந்து பார்த்தால்

வாட்டர் ஹெம்லாக்கின் அடித்தண்டையும் அது வேரோடு சேருகிற தடித்த பகுதியையும் நீளவாக்கில் பிளந்தால், உள்ளே குறுக்குச் சுவர்களால் பிரிந்த சின்னச் சின்ன அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். வெட்டிய இடத்தில் மஞ்சளாக எண்ணெய் மாதிரி ஒரு திரவம் துளிர்க்கும். காற்றுப் பட்டால் நிறம் மாறும். நச்சு பெருமளவு அதில்தான். அந்த அடிக்கட்டையிலிருந்து விரல் பருமனில் கிழங்குகள் கொத்தாகத் தொங்கும். வாசனை பார்ஸ்னிப் மாதிரி, அதாவது கேரட்டுக்கும் செலரிக்கும் இடையில் ஒன்று. அருவருப்பான வாடை கிடையாது.

அறை அறையாக இருந்தால் வாட்டர் ஹெம்லாக், இல்லாவிட்டால் பயமில்லை என்று சிலர் இதைச் சோதனையாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி ஆளைக் கொல்லும். வசந்தத்தில் இளஞ்செடியில் அறைகள் சரியாக உருவாகியிருக்காது. வேர் நச்சோ அந்தப் பருவத்தில்தான் உச்சத்தில் இருக்கும். மேற்கு அமெரிக்காவில் மாடுகள் அதிகம் சாவதும் வசந்தத்தில்தான். இளகிய சேற்றில் மாடு ஒரு வாய் இழுத்தால் செடி வேரோடு வந்துவிடும்.

ருசியும் காப்பாற்றாது. நம்மூரில் "கசந்தால் விஷம், துப்பிவிடு" என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாகற்காய் தின்கிற ஊரில் அந்த நம்பிக்கை எப்படி நிலைத்தது என்பது வேறு கதை. இந்த வேர் கசக்காது, நாக்கையும் எரிக்காது. தம்பி மூன்று கடி கடித்தாரே, முதல் கடியில் ஏதாவது எச்சரிக்கை இருந்திருந்தால் இரண்டாவது கடி எதற்கு?

அளவைப் பற்றி மேய்ன் அறிக்கை சொல்லும் கணக்கு இது: இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேர்த்துண்டு ஒரு பெரியவரைக் கொல்லப் போதும். உள்ளே பொந்தான அதன் தண்டில் ஊதல் செய்து விளையாடிய குழந்தைகள் இறந்ததும் உண்டு.

உடலுக்குள்

நச்சின் பெயர் சிகுடாக்சின். நம் மூளையில் நரம்புகள் ஓயாமல் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே போகாமல் தடுக்க காபா என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது போய் உட்கார்ந்து வேலை செய்கிற இடத்தைச் சிகுடாக்சின் முடக்கிவிடுகிறது. தடை போனதும் தூண்டல் மட்டும் மிச்சம். அதனால்தான் வலிப்பு, அதுவும் ஒன்று முடியும் முன்பே அடுத்தது. தசைகள் இப்படி விடாமல் முறுக்கினால் தசைநார்களே சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும். வலிப்பின் நடுவே மூச்சு நின்றால் இதயமும் கெடும். மேய்ன் தம்பிக்கு நடந்த வரிசையும் அதுதான்.

மாற்று மருந்து கிடையாது. மருத்துவமனையில் செய்ய முடிவது வலிப்பை அடக்குவது, மூச்சை நடத்துவது, ரத்தத்தின் அமில நிலையையும் சிறுநீரகத்தையும் கவனித்துக்கொள்வது. டயஸெபாம், லோராஸெபாம் வகை மருந்துகளும் பார்பிட்டுரேட்டுகளும் காபாவின் பக்கம் நின்று வேலை செய்பவை, அதனால் அவைதான் முதலில். வழக்கமான வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயின் இங்கே பெரிதாக உதவாது.

முதல் மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்பதை அண்ணன் கதை காட்டுகிறது. "எனக்கு ஒன்றுமில்லை, தம்பியைப் பாருங்கள்" என்று வாசலில் நிற்கக்கூடிய ஆள் அவர். வலிப்பு வந்தபோது அவர் காருக்குள்ளோ வீட்டிலோ இல்லாமல் மருத்துவர்களின் நடுவே இருந்தார். ஒரே வேரை இரண்டு பேர் தின்று ஒருவருக்கு அறிகுறி வந்துவிட்டால், மற்றவருக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது. வீட்டில் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பதும் கூடாது. வாந்தியின் நடுவே வலிப்பு வந்தால் எல்லாம் மூச்சுக்குழாய்க்குள் போகும். மிச்சமிருக்கிற செடியை, வேர் இலை எல்லாம் சேர்த்து, ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துப்போக வேண்டும்.

ஆர்கைலில் ஒரு கறி

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆர்கைல் என்ற பகுதி. அங்கே விடுமுறைக்குப் போன எட்டு இளைஞர்கள் தண்ணீர் ஓரத்தில் கிடைத்த வேர்களைத் தோண்டி, வாட்டர் பார்ஸ்னிப் என்று நினைத்துக் கறி வைத்துச் சாப்பிட்டார்கள். ஆம், நம்ம கறிதான், மசாலா போட்ட கறி. அந்த வேர் ஹெம்லாக் வாட்டர் டிராப்வொர்ட், ஒயினாந்தே குரோக்காட்டா. கொத்துக் கொத்தாக வெள்ளைக் கிழங்கு விடுவதால் ஊர்க்காரர்கள் அதைப் பிணத்தின் விரல்கள் என்பார்கள். அதன் நச்சான ஒயினாந்தோடாக்சின், சிகுடாக்சினின் நெருங்கிய சொந்தம். வேலை செய்யும் விதமும் அதே. நான்கு பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. வலிப்பு, குமட்டல், வியர்வை. எட்டுப் பேரும் பிழைத்துக்கொண்டார்கள். 2002இல் அவசர மருத்துவ இதழ் ஒன்றில் இது பதிவானது.

மேய்னில் மூன்று கடியில் ஒருவர் போய்விட்டார், இங்கே தட்டு நிறையச் சாப்பிட்டும் எல்லோரும் திரும்பினார்கள். காரணமாகச் சொல்லப்பட்டவை இரண்டு: சமைத்தபோது நச்சு ஓரளவு அழிந்திருக்கலாம், தோண்டிய பருவத்தில் வேரில் நச்சு குறைவாக இருந்திருக்கலாம். இந்த வகை நச்சு வெப்பம், வெளிச்சம், காற்று மூன்றிலும் சிதையக்கூடியது என்பதால் முதல் காரணம் பொருந்துகிறது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு "வேகவைத்தால் சரியாகிவிடும்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். வெந்த கறியைச் சாப்பிட்டும் நான்கு பேர் மருத்துவமனைக்குப் போனார்கள் என்பதுதான் அந்த நிகழ்வு.

எனக்கு இதில் அதிகம் உறுத்துவது வேறொன்று. வாட்டர் பார்ஸ்னிப் என்று ஒரு செடி உண்மையிலேயே இருக்கிறது. வட அமெரிக்காவில் அதன் இனமான சியம் சுவாவே, வாட்டர் ஹெம்லாக் நிற்கிற அதே சேற்றில், அதே வெள்ளைக் குடைப்பூவோடு நிற்கும். அதன் வேரைப் பழங்குடி மக்கள் தின்றிருக்கிறார்கள். இலை ஒரே தடவைதான் பிரியும், ஒரு நடுக்காம்பின் இரண்டு பக்கமும் நீளச் சிற்றிலைகள். இரண்டு மூன்று தடவை பிரிந்தால் வாட்டர் ஹெம்லாக். புத்தகத்தில் படிக்க எளிது. தண்ணீருக்குள் இருக்கும் அடியிலைகள் கந்தல் கந்தலாக வேறு உருவம் எடுத்திருக்கும்போது எளிதில்லை. மேய்னில் இடம் சத்தமாக எச்சரித்தது. இங்கே இடமே ஏமாற்றும், இரண்டும் ஒரே விலாசத்துக்காரர்கள்.

நம் அஞ்சறைப்பெட்டியும் சாக்ரடீஸின் கோப்பையும்

சீரகம், சோம்பு, ஓமம், தனியா, சதகுப்பை, பெருங்காயம். சாம்பாரிலிருந்து கஷாயம்வரை நாம் நம்பியிருக்கும் வாசனைகளில் பாதி இந்த ஒரே குடும்பம். கேரட், கொத்தமல்லி, செலரி, பார்ஸ்லி எல்லாம் அதுவே. வல்லாரையும் இதில்தான் வரும், பார்த்தால் அப்படித் தெரியாது. கி.மு. 399இல் ஏதென்ஸில் சாக்ரடீஸுக்குக் கொடுத்த விஷமும் இதே குடும்பம்தான்: கோனியம் மாக்குலேட்டம், பாய்சன் ஹெம்லாக். அதன் நச்சான கோனீனின் முக்கிய வேலை வலிப்பு அல்ல. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை நிறுத்தி, காலிலிருந்து மேலே மேலே செயலிழக்க வைத்து, கடைசியில் மூச்சுத் தசையில் கைவைக்கும். நினைவு அதுவரை தெளிவாக இருக்கும்.

இந்தக் குடும்பத்தின் சிக்கல் உருவ ஒற்றுமை மட்டும் என்றால் பழகிப் பழகித் தேறிவிடலாம். பருவமும் எதிராக நிற்கிறது. காட்டுக் கேரட், காட்டுப் பார்ஸ்னிப், பாய்சன் ஹெம்லாக் எல்லாம் ஈராண்டுச் செடிகள். முதல் வருஷம் தரையோடு இலைக்கொத்து, கீழே வேர். இரண்டாவது வருஷம் தண்டு எழும்பிப் பூக்கும், விதைக்கும், செத்துவிடும். வேர் தின்னத் தகுந்ததாக இருப்பது முதல் வருஷத்தில். தாவரவியலாளர் இந்தக் குடும்பத்துச் செடிக்கு உறுதியாகப் பெயர் சொல்ல நம்புவது பூவையும் கனியையும், முக்கியமாகக் கனியின் வரிகளையும் எண்ணெய்க் குழல்களையும். அவை வருவது இரண்டாம் வருஷத்தில். அப்போது வேர் விறகு.

ஆகத் தின்னலாம் என்கிற நேரத்தில் யாரென்று தெரியாது, யாரென்று தெரிகிற நேரத்தில் தின்ன ஒன்றுமில்லை.

தோல் கதை தனி. காகசஸ் மலைப்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனுக்கு அழகுச் செடியாகப் போன ஜயன்ட் ஹாக்வீட், இன்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆற்றங்கரைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் சாறு தோலில் பட்டு மேலே வெயில் பட்டால், ஓரிரு நாளில் தீக்காயம் போல் கொப்புளம் கிளம்பும். கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வேர் தின்னக்கூடியது என்று சொல்லப்படும் காட்டுப் பார்ஸ்னிப்பின் தழைக்கும் இதே குணம் உண்டு. அதைத் தோண்டப் போகிறவர் முழுக்கை சட்டையோடு போவது நல்லது.

கைவைத்தியக் குறிப்புகள் போல் உலாவும் அடையாளங்கள்

காட்டுக் கேரட்டின் தண்டில் மயிர் இருக்கும், பாய்சன் ஹெம்லாக்கின் தண்டு வழவழப்பாக ஊதாப் புள்ளிகளோடு இருக்கும். இது உண்மையான வேறுபாடு, பயனுள்ளதும்கூட. ஆனால் முதல் வருஷச் செடியில் பார்க்கத் தண்டே இருக்காது; இலைக்காம்பை வைத்துத்தான் பார்க்க வேண்டும். புள்ளி இல்லை என்பதால் ஹெம்லாக் இல்லை என்றும் ஆகாது. கசக்கினால் எலி நாற்றம் அடிக்கும் என்பார்கள். எலி நாற்றம் எப்படி இருக்கும் என்று நான்கு பேரைக் கேட்டால் நான்கு பதில் வரும்.

இலை நரம்பு சிற்றிலைப் பல்லின் நுனியில் முடிந்தால் நல்லது, இரண்டு பல்லுக்கு நடுவே பள்ளத்தில் முடிந்தால் வாட்டர் ஹெம்லாக் என்று ஒரு குறிப்பு. பெரும்பாலும் பொருந்தும். "பெரும்பாலும்" என்ற சொல்லை நம்பி வேரைக் கடிக்க முடியுமா என்பதுதான் பிரச்சினை. ஒரே இலையிலேயே சில நரம்புகள் அங்கும் சில இங்கும் போகும். கைப்பேசிச் செயலிகளும் இதே கதைதான்: ஊரில் பூத்து நிற்கும் செம்பருத்திக்குப் பெயர் கேட்கலாம், சேற்றில் பிடுங்கிய வேருக்குக் கேட்கக் கூடாது.

கொஞ்சமாகத் தின்று பார்க்கும் முறைக்கு வருவோம். அமெரிக்க ராணுவத்தின் உயிர்பிழைப்புக் கையேட்டில் அப்படி ஒரு சோதனை படிப்படியாக இருக்கிறது. உதட்டில் வைத்து, நாக்கில் வைத்து, மென்று, சிறிது விழுங்கி, எட்டு மணி நேரம் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். வழிதவறிய சிப்பாய்க்காக எழுதிய அதே கையேடு, கேரட், பார்ஸ்னிப், பார்ஸ்லி போன்ற இலையுள்ள அறிமுகமில்லாத செடிகள் பக்கமே போகாதே என்கிறது. பட்டினியில் சாகக் கிடக்கிறவனுக்கே அந்த அறிவுரை என்றால், ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்குப் போகிறவர் நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். மேய்னில் ஒரு கடி என்பதே அந்த "கொஞ்சம்" தான்.

தின்று வாழ்ந்தவர்கள்

இவ்வளவு சொன்னபின், இந்தக் குடும்பத்துக் காட்டுச் செடிகளை யாரும் தின்னவே கூடாது என்று முடித்தால் அது பொய்யாகிவிடும். 1806 மே மாதம், அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸ்–கிளார்க் பயணக்குழு இன்றைய ஐடஹோ பகுதியில் தங்கியிருந்தபோது, உடன் வந்த ஷோஷோனி இனப் பெண் சாகஜாவியா சோம்பு மாதிரியான ஒரு வேரைத் தோண்டிச் சேர்த்தார். உண்பதற்கு நன்றாக இருந்தது என்று குழுத் தலைவர்களில் ஒருவரான மெரிவெதர் லூயிஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அது யாம்பா, இதே குடும்பம். மேற்கு அமெரிக்கப் பழங்குடிகள் யாம்பாவையும் பிஸ்கட்ரூட் எனப்படும் லொமேஷியம் வேர்களையும் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி, காயவைத்து, இடித்து மாவாக்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். வட ஐரோப்பாவில் ஏஞ்சலிக்கா தண்டு பெரிய மரியாதைக்குரிய காய்கறியாக இருந்தது. இத்தனைக்கும் வாட்டர் ஹெம்லாக்கின் ஐரோப்பிய இனம் அந்த நாடுகளின் ஈரநிலங்களிலும் உண்டு.

சாகஜாவியாவுக்கு இருந்தது, அந்த அண்ணன் தம்பிக்கு இல்லாதது என்ன? ரகசிய அடையாளம் ஒன்றுமில்லை. யாம்பாவைத் தின்று வந்த மக்களிடையே பிறந்தவர் அவர். ஒரு மேட்டில் யாம்பா இருக்கும் என்று தெரிந்து, அது போன வருஷம் பூத்ததும் தெரிந்து, கூட வளர்ந்தவர்கள் அதைத் தின்றதையும் பார்த்த ஆளுக்கு, வேர் என்பது அடையாளத்தின் கடைசிப் பகுதி. நம் பாட்டிகள் வரப்பில் கீரை பறிப்பதும் இப்படித்தான். வல்லாரை எந்த வாய்க்கால் ஓரத்தில் படர்ந்திருக்கிறது என்பது அவர்களுக்குச் செடிக்கு முன்பே தெரியும். இந்த அறிவு ஊர் மாறினால் நம்மோடு வராது என்பதைக் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் நம்மவர்கள் கவனத்தில் வைக்க வேண்டும். ஒன்டாரியோ ஓடைக்கரையில் சிகூட்டா மாக்குலேட்டா நிற்கிறது, இங்கிலாந்து வாய்க்கால்களில் ஒயினாந்தே குரோக்காட்டா நிற்கிறது. ஒயினாந்தேயின் இளந்தழை கொத்தமல்லியையும் பார்ஸ்லியையும் நினைவூட்டும்.

அப்படியானால் யார் எதைத் தின்னலாம்? என் கணக்கு இது. ஈரநிலத்தில் நிற்கும் இந்தக் குடும்பத்துச் செடியின் வேர் யாருக்கும் வேண்டாம், அனுபவசாலிக்கும் வேண்டாம். கிடைக்கிற சோற்றளவுக்கும் அடையாளம் தவறினால் வரும் விளைவுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. காட்டுக் கேரட் வேரைத் தோண்டுவதும் எனக்குப் பெரிய லாபமாகத் தெரியவில்லை: மெலிந்த, நார் நிறைந்த வேர், பக்கத்துக் கடையில் கிலோக் கணக்கில் கிடைப்பதன் ஏழைத் தாத்தா. எந்தச் செடியானாலும் ஒரே இடத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பார்த்து, பூத்ததையும் காய்த்ததையும் கண்டு, உள்ளூரில் அதைத் தின்று பழகிய ஒருவர் கூட நின்று காட்டிய பிறகுதான் அடுத்த வருஷம் கைவைக்கலாம்.

தொடங்கியே ஆக வேண்டும் என்பவர்களுக்குக் கிரவுண்ட் எல்டர் இருக்கிறது. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் களையென்று சபிக்கும் ஈகோபோடியம். நிலத்தடித் தண்டால் படர்ந்து ஒரு தோட்டத்தையே மூடிவிடும். வருஷா வருஷம் அதே மூலையில் வரும், பூப்பதை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். இலைக்காம்பைக் குறுக்கே வெட்டினால் முக்கோணமாக இருக்கும். இலை மூன்று கிளையாகி, ஒவ்வொன்றிலும் மூன்று அகலமான சிற்றிலைகள். பாய்சன் ஹெம்லாக் போல் பொடிப்பொடியாகப் பிரியாது. தின்பது இலை என்பதால் தோண்ட வேண்டியதும் இல்லை. பூக்கும் முன் விரியாத பளபளப்பான தளிராகப் பறித்து, ஒவ்வொரு காம்பையும் தனித்தனியாகப் பார்த்து, இடையில் வேறெதுவும் சேர்ந்து வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தேங்காய் போட்டுப் பொரியல் செய்யலாம். செலரி வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், வெங்காயம் கூடுதலாகப் போட்டால் அடங்கும்.